ரீட்டா பேசாமல் இருந்த நான்கு மாதங்கள்

ஒரு தாய் தன் இரண்டரை வயது மகளோடு நான்கு மாதங்கள் பேசாமல் இருந்தார். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. நான் கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தை அவர் எழுத்துத் தவறாமல் பின்பற்றியதுதான் காரணம்.

சென்ற மாதம் நான் அரசாங்க சேவையிலிருந்து விலகினேன். கணவருக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்தது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் பேச்சு சிகிச்சையாளராக இருந்தேன். பேச்சு வராத பிள்ளைகள், பாரிசவாதத்தில் பேச்சை இழந்த பெரியவர்கள் என்று இரு தரப்பாரும் எங்களிடம் வருவார்கள். இத்தகைய அனுபவக் கட்டுரைகளை அறுபது வயதில் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தைந்துதான். என் மேசைக்கு வந்திருக்கும் இரண்டு இளம் சிகிச்சையாளர்களும் விடவில்லை.

"அக்கா, போறதுக்கு முதல் உங்கட அனுபவத்த எழுதித் தாங்க. பின்னுக்கு வாற பிள்ளைகளுக்கும் குடுப்பம்."

"நல்ல கேஸ் ரெண்டு மூண்ட எழுதுங்கோ அக்கா. வாசிக்கச் சந்தோசமா இருக்கணும்."

சந்தோஷமானவை இருக்கின்றன. எழுத உட்கார்ந்தபோது கை போனது ரீட்டாவிடம்.

முதலில் என்னைப் பற்றி. கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அம்மா படிவத்தில் பெருவிரலைப் பதித்தார். வீட்டில் தமிழ், தெருக்குழாயடியில் சிங்களம், வகுப்பில் சிஸ்டர்மாரின் ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தின் நான்கு வருடங்களில் எனக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸும் பசியும்தான். பட்டமளிப்பு முடிந்து வெள்ளைக் கோட்டோடு எடுத்த படத்தை அம்மா மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. குறையவும் தேவையில்லை. ஆனால் இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் பிரிவின் தலைவி சுனேத்ரா மெடம். சிங்களவர். தமிழில் "வாங்க", "இருங்க", "பயம் வேணாம்" ஆகிய மூன்றும் அவருக்குத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்து, பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே ஒரு பெட்டியை வைப்பார். பெட்டியில் சின்னத் தேநீர்க் கோப்பைகள், ஒரு பொம்மை, சீப்பு, பந்து, சிவப்பு பஸ். முதல் பத்து நிமிடம் நாம் வாய் திறக்கக் கூடாது. தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்காகப் பத்து எண்ண வேண்டும். மெடம் தொடையில் விரலால் தட்டித் தட்டி எண்ணுவார். பெரும்பாலானவர்கள் மூன்றிலேயே பொறுமை இழந்து பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள் என்பார். பிள்ளையின் மூளை கேட்டதைப் பிரித்து, பொருளைத் தேடி, சொல்லை எடுத்து, வாய்க்கு அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதும். புதிதாக நடப்பவனுக்கு அதே தூரம் அதிகம்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. பிள்ளை சொன்னதை எந்த மொழியில் சொன்னதோ அந்த மொழியிலேயே, சொன்னபடியே எழுத வேண்டும். "தண்ணீர் கேட்டாள்" என்று எழுதினால் பக்கத்தைக் கிழித்துக் கையில் தருவார்.

"நீ நினைத்ததை நான் கேட்கவில்லை, நங்கி. அவள் சொன்னதைக் கேட்கிறேன்." நங்கி என்றால் தங்கை. கோபம் வந்தாலும் அப்படித்தான் அழைப்பார்.

முதல் வருடத்திலேயே எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். தமிழ் ஒரு சொல்லும் வரவில்லை. ஐந்தாம் நாள் மனைவி கட்டிலருகே குனிந்தபோது, தெளிவான சிங்களத்தில், "வாங்க நோனா, எந்த நிறத்தில் காட்டட்டும்?" என்றார். நோனா சிங்களத்தில் அம்மணி.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாப்பது வருசம் சமைச்சுப் போட்டனான். இந்த மனுசன் என்னைக் கடைக்கு வந்த ஆள் எண்டு நினைக்குது!" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வெளி வராந்தாவில் போய் அழுதார்.

வீட்டில் பேசும் பேச்சு போய்விட்டது, கடையில் பேசும் பேச்சு மிஞ்சிவிட்டது. மனிதனுக்குள் மொழி பாடப்புத்தகம்போல் தனித்தனியாக அடுக்கி இருப்பதில்லை, யாரோடு எங்கே பேசினோம் என்பதோடு ஒட்டி இருக்கிறது என்று அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தேன். அவ்வளவுதான்.

ரீட்டா வந்தது என் நான்காவது வருடத்தில். கொட்டாஞ்சேனைதான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. ஏறக்குறைய என் வயது. கணவர் அன்ரன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர். மகள் ஷெனெலுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும். விளையாட்டுப் பள்ளி டீச்சர் அனுப்பியிருந்தார்.

"மூண்டு பாஷையையும் கலக்கிறாவாம் மிஸ். இப்பிடிப் போனா ஒண்டும் சரியா வராதாம்."

ஷெனெல் பெட்டிக்குள் தலையை விட்டாள். பொம்மைக்குத் தேநீர் ஊற்றி, "மம்மி, கிரி வேணாம்" என்றாள். கிரி சிங்களத்தில் பால். பந்து உருண்டபோது, "போல் போச்சு." போல் ஆங்கிலத்தில் பந்து. யன்னலுக்கு வெளியே நாயைக் கண்டதும், "பல்லா வா!" பல்லா என்ற சொல்லைப் பக்கத்து வீட்டு சோமா அக்காவிடம் படித்தாளாம். அங்கே ஒரு நாய் இருந்தது.

மெடத்தின் கட்டளைப்படி எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதினேன். வீட்டில் பேசும் சொற்களையும் ரீட்டாவிடம் கேட்டுச் சேர்த்தேன். பிறகு மூன்று நிரல்கள் போட்டேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம். ஒவ்வொன்றையும் தனியாக எண்ணினேன். ஒவ்வொன்றும் வயதுக்குக் குறைவாக வந்தது. 'மொழி வளர்ச்சி பின்தங்கியுள்ளது, மொழிக் குழப்பம்' என்று எழுதினேன்.

இழுப்பறையில் இதற்கென்றே ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பழைய அச்சு. 'வீட்டில் .......... மொழியில் மட்டும் பேசவும்.' ஒரு மொழி மட்டும் பேசச் சொல்லும் அந்தத் துண்டை மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தோம். அது அன்று எனக்குச் சிரிப்பாகவும் படவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போறீங்க?"

"இங்கிலிஸ் மீடியந்தான் மிஸ். என்ன கஸ்டப்பட்டாலும்."

புள்ளிக்கோட்டில் 'ஆங்கிலம்' என்று எழுதினேன். கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன். "வீட்டில எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கணும். நீங்க இறுக்கமா நிண்டாத்தான் பிள்ள தேறும்."

"ஓகே மிஸ். தேங்க்யூ மிஸ்."

அந்த ஓகேயையும் தேங்க்யூவையும் நம்பினேன். உங்களுக்கு ஆங்கிலம் வருமா என்று கேட்கவில்லை. பெருவிரல் பதித்த தாயின் மகள் நான். இந்தக் கேள்வியைக் கேட்க அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடப் பொருத்தமான ஆள் இருந்திருக்க முடியாது.

அடுத்த தவணை நான்கு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. எங்கள் கிளினிக்கில் அதுவே விரைவு.

திரும்பி வந்த ஷெனெலைக் கண்டு நான் திகைத்துப் போனேன். பெட்டியைத் திறந்து வைத்தேன். பார்த்தாள், தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பந்து வேண்டும் என்றபோது தாயின் கையைப் பிடித்துப் பந்தின் மேல் வைத்தாள். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருந்த பேச்சை இழந்த பிள்ளை. எங்கள் தொழிலில் இதற்கு நல்ல விளக்கங்கள் குறைவு. காதுப் பரிசோதனைக்கு ஒன்று, நரம்பு வைத்தியருக்கு ஒன்று என்று இரண்டு கடிதங்களை எழுதத் தொடங்கினேன்.

மெடம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பேனாவை வை. முதல் பத்து நிமிடம் எங்கே?"

ரீட்டாவைப் பாயில் இருத்தி, மகளோடு விளையாடச் சொன்னேன். நானும் மெடமும் சுவரோரம் அமர்ந்தோம்.

ரீட்டா கோப்பையை எடுத்து நீட்டினார். பொம்மையின் தலையைச் சீவினார். பஸ்ஸை உருட்டினார். உதடுகளை இறுக மூடிக்கொண்டு புன்னகைத்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அந்த அறையில் பஸ்ஸின் சில்லு உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஷெனெல் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று பழகிவிட்டவள்போல் இருந்தாள்.

"ரீட்டா," என்றேன், "கதையுங்கோ."

அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "இங்கிலிஸ்லதானே மிஸ் கதைக்கணும்? எனக்குக் 'கம்' தெரியும், 'ஈட்' தெரியும், 'நோ' தெரியும். அதச் சொல்றன். மிச்சத்துக்கு யூடியூப் போட்டு விடுறன்."

"அப்ப நீங்க..."

"நான் ஒரு சொல்லுந் தமிழ்ல கதைக்கல்ல மிஸ்." நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். நல்ல புள்ளி எடுத்த மாணவியின் முகம். "நாலு மாசம். ஒருநாள் இவங்கட அப்பா மறந்துபோய்ச் 'செல்லம்' எண்டிட்டார். நல்லா ஏசினன். சோமா அக்கா வீட்டுக்கும் விடுறதில்ல, அங்க சிங்களந்தானே. நித்திரையாக்கவும் பாட்டுப் படிக்கிறதில்ல, தட்டித்தான் விடுறன். ஒழுங்கைல என்ன ஊமச்சி எண்டு பகிடி பண்றாங்க. பண்ணட்டும்."

பையைத் திறந்து என் துண்டை எடுத்தார். போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து லெமினேட் பண்ணியிருந்தார். நான்கு மூலையிலும் சுவரில் ஒட்டிய பசை.

மெடத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு தடவை நிறுத்தித்தான் சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏசவில்லை. பழைய பதிவுக் கோப்பைக் கேட்டார். நான் எழுதியிருந்த சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்க, மூன்று நிரல்களையும் ஒரே நிரலாக எழுதினார். தொண்ணூறைத் தாண்டியது. "மம்மி, கிரி வேணாம்", "போல் போச்சு", "பல்லா வா" என்ற மூன்றின் கீழும் கோடு போட்டார்.

"இரண்டு, மூன்று சொற்களைச் சேர்க்கிறாள். எங்கே சேர்க்க வேண்டுமோ அங்கே சேர்க்கிறாள். இந்தப் பிள்ளை எந்த மொழியில் பின்தங்கி இருந்தாள், நங்கி?"

கோடு போட்ட மூன்றையும் மறுபடி வாசித்தேன்.

உண்மை அவ்வளவு எளிமையாக இருந்தது. ஷெனெலுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் இருக்கவில்லை. அம்மா இருந்தார், அப்பா இருந்தார், சோமா அக்காவும் நாயும் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு விதமாகப் பேச வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தாள். நான் இரண்டு மொழிகளை வெட்டுவதாக நினைத்து அவளுடைய மனிதர்களை வெட்டிவிட்டேன். திரையில் ஓடும் ஆங்கிலம் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத பேச்சிலிருந்து எந்தப் பிள்ளையும் பேசப் படிப்பதில்லை.

"இந்தத் துண்டு இழுப்பறையில் இருந்தது மெடம்," என்றேன். கோழைத்தனமான வாக்கியம்.

"தெரியும். நான்தான் எழுதினேன். வேலைக்கு வந்த புதிதில்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது பிழை என்று எனக்குத் தெரிந்து பல வருடமாகிறது. நான் கொடுப்பதை நிறுத்தினேன். இழுப்பறையிலிருந்து எடுக்கவில்லை."

அன்றைய இரண்டாவது அதிர்ச்சி அது. நான் மதித்த மனிதர் என் முன் சிறியவரானார், பிறகு ஏனோ இன்னும் பெரியவரானார்.

"அவரிடம் நீ சொல்ல வேண்டும். தமிழில். என்னால் முடியாது."

சொன்னேன். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், உங்கள் பிள்ளைக்கு அன்று ஒரு குறையும் இருக்கவில்லை, இனி உங்கள் மொழியில் பேசுங்கள் என்றேன். ரீட்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றார்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க? இறுக்கமா நிக்கச் சொன்னீங்கதானே?"

"ஓம். என்ட பிழை."

"இப்ப இப்பிடிச் சொல்றீங்க. அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்க?" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். லெமினேட் பண்ணிய துண்டு பாயில் கிடந்தது.

மறுநாள் இழுப்பறை காலியாக இருந்தது.

அடுத்த தவணைக்கு ரீட்டா வரவில்லை. மெடத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன பாஷை மிஸ்?"

"நீங்க சொல்ற பாஷை."

உள்ளே விட்டார். ஷெனெல் மூலையில் தொலைபேசித் திரையோடு இருந்தாள். ரீட்டா பேசத் தொடங்கியிருந்தார், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "வா. இரு. சாப்பிடு." தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தமிழில் போட்டதுபோல.

"வெக்கமா இருக்கு மிஸ்," என்றார். "என்ட பிள்ளையோட கதைக்க எனக்கு வெக்கமா இருக்கு. யாரோ ஒளிச்சு நிண்டு பிழை பிடிக்கிற மாதிரி."

யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு என்னிடம் பயிற்சிமுறை ஒன்றும் இல்லை.

அப்போது அன்ரன் கையில் பையோடு வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "ஓ, இந்த மிஸ்ஸா? கலியாணம் கட்டி ஏழு வருசம் மிஸ், இவட வாய மூட என்னால ஏலாமப் போச்சு. நீங்க ஒரு துண்டால மூடிட்டீங்க."

ரீட்டா பையைப் பிரித்தார். உள்ளே விரல் நீளச் சூடை மீன், இரண்டு கிலோவாவது இருக்கும்.

"இதென்ன இது? இவ்வளவு சூடையையும் ஆர் ஆயிறது? உங்கட தங்கச்சி வருவாவா? சனிக்கிழமையும் பாத்து எனக்கு வேல தேடிக் கொண்டு வாறீங்க, கண்ணத் திறந்து பாத்தா வாங்கினீங்க, அரைவாசி நசிஞ்சு கிடக்கு, அவன் உங்கட முகத்தப் பாத்தோன நினைச்சிருப்பான், வந்திட்டார் மாப்பிள்ள எண்டு..."

ஷெனெலின் தலை நிமிர்ந்தது. திரையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து தாயின் முழங்காலில் கையூன்றி, அந்த வாயை அண்ணாந்து பார்த்தாள்.

ரீட்டா கண்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"நிப்பாட்டாதீங்க," என்றேன், "ஏசுங்க, இன்னும் ஏசுங்க!"

"மிஸ், நீங்க யாருட பக்கம்?" என்றார் அன்ரன்.

ரீட்டா ஏசினார். கண்ணீர் வடிய வடிய ஏசினார். பிள்ளை தாயின் தொண்டையில் கையை வைத்துப் பார்த்தாள். அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூலைக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

அதன் பிறகு நடந்தது மெதுவான வேலை. ரீட்டாவே சோமா அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அன்ரன் தன் கலப்புப் பாஷையில் பேசினார். திரை பெட்டிக்குள் போனது. ஆறு வாரம் கழித்துச் சோமா அக்காவின் முற்றத்தில் "பல்லா" வந்தது. அடுத்த தவணையில் ரீட்டா அதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னார். "என்னட்ட இல்ல மிஸ், நாயிட்ட." அவரிடம் வர இன்னும் ஒரு மாதம் எடுத்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

ஷெனெலுக்கு நான்கு வயதானபோது அவளுடைய சிகிச்சைக் கோப்பை மூடினேன். அன்று முழுக்க அவள் வாய் ஓயவில்லை. மெடத்திடம் சிங்களத்தில் நாயைப் பற்றி, என்னிடம் தமிழில் மெடத்தைப் பற்றி. விளையாட்டுப் பள்ளியில் ஆங்கிலப் பாட்டில் முதலாம் இடமாம்.

ரீட்டா புறப்பட எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"உங்களிட்ட ஒண்டு சொல்லல்ல மிஸ். ஒண்டரை வருசமா மனசுக்குள்ள வச்சிருந்தன்."

"சொல்லுங்க."

"நான் கதைக்காம விட்ட முதல் கிழமை முழுக்க அவ சும்மா இருக்கல்ல. ஒரே கேள்வி. காலைல கேப்பா, பின்னேரம் கேப்பா, என்ட முகத்த ரெண்டு கையால பிடிச்சுக் கேப்பா. பதில் சொல்ல எனக்கு இங்கிலிஸ் தெரியாதே மிஸ். வாயப் பொத்திக்கொண்டு இருந்தன். பிறகு கேக்கிறத விட்டுட்டா."

"என்ன கேட்டா?"

"'மம்மி, கோவமா?' எண்டு."

கோப்பு என் மடியில் இருந்தது. முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், 'மொழி வளர்ச்சி பின்தங்கியுள்ளது' என்று இருந்தது.